இரண்டு ஏழாண்டுகள்

செட்டிநாட்டு மண்ணில் கணக்கு என்பது தொழில் மட்டுமன்று. அது ஒரு பண்பாடு. நகரத்தார் பெருமக்கள் வழிவழியாக எழுதிவந்த ஐந்தொகையைப் பற்றி இங்கே அறியாதவர் இல்லை. இளையாத்தங்குடி, மாத்தூர் தொடங்கிப் பிள்ளையார்பட்டி ஈறாக உள்ள அவர்களுடைய ஒன்பது நகரக் கோயில்களில் குடும்பங்களை எண்ணும் முறை அதனினும் வியப்புக்குரியது. அங்கே தனி ஆளை எண்ணுவதில்லை. திருமணமான இணையை எண்ணுகிறார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்தால் ஒரு 'புள்ளி'. துணையை இழந்தவர் அரைப்புள்ளி. அரைப்புள்ளி என்னும் சொல் நம் காதுக்குச் சற்றுக் கடுமையாக ஒலிக்கலாம். ஆனால் அதில் ஒரு நேர்மை உண்டு. துணை மறைந்த பின்னும் எஞ்சியிருப்பவர் ஏட்டிலிருந்து மறைவதில்லை.

அரசு வழங்கும் குடும்ப ஓய்வூதியமும் ஏறத்தாழ இந்த எண்ணத்தில்தான் நிற்கிறது. உழைத்தவன் ஒருவன், ஆனால் அவன் உழைப்பதற்கு வீட்டில் இருந்து துணைநின்றவள் ஒருத்தி. அவன் மறைந்த பிறகு அவளைக் கணக்கிலிருந்து நீக்கிவிடலாகாது. மத்திய அரசு ஊழியர்களுக்கான குடும்ப ஓய்வூதியத் திட்டம் 1964-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. நம் மாநில அரசு ஊழியர்களுக்குத் தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள் 1978-இல் வகுக்கப்பட்டன. பொதுவான அளவு, கணவர் இறுதியாகப் பெற்ற அடிப்படை ஊதியத்தில் நூற்றுக்கு முப்பது.

கருவூலப் பணியில் என் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவன் நான். ஓய்வூதியர்கள் ஆண்டுக்கொரு முறை நேரில் வந்து, தாங்கள் உயிரோடிருப்பதை மெய்ப்பிக்கும் நேர்காணல் நாள்களை எத்தனையோ கண்டிருக்கிறேன். அந்த வரிசையில் ஆசிரியர்கள் வருவார்கள், வருவாய்த்துறையினர் வருவார்கள், மருத்துவமனைச் செவிலியர் வருவார்கள். அவர்களுக்கிடையே, மனைவியின் தோளைப் பற்றிக்கொண்டு மெல்ல நடந்துவரும் சிலர் இருப்பார்கள். கலவரத்தில் எறியப்பட்ட கல்லால் கண்ணிழந்த காவலர். சரிந்த கூரையின் அடியில் சிக்கிக் காலிழந்த தீயணைப்பு வீரர். முதுமையால் அன்றி, இயலாமையால் ஓய்வு பெற்றவர்கள் இவர்கள். கைரேகை வைப்பவர் அவராக இருப்பார். மையைத் துடைத்துவிடுபவர் அவருடைய மனைவியாக இருப்பார்.

காவல்துறைக்கும் தீயணைப்புத் துறைக்கும் நாடு நினைவு நாள்களை ஒதுக்கியிருக்கிறது. 1959-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் லடாக்கின் வெந்நீரூற்றுப் பகுதியில் சீனப் படையினரால் கொல்லப்பட்ட பத்துக் காவலர்களின் நினைவாக, ஒவ்வோர் ஆண்டும் அந்நாளில் துப்பாக்கிகள் தலைகவிழ்கின்றன. 1944-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்தபோது உயிர்நீத்த 66 தீயணைப்பு வீரர்களை அந்நாளில் நினைவுகூர்கிறோம். நன்று, செய்யவேண்டியதே. ஆனால் அன்றே இறந்துவிடாமல், காயத்தோடு வீடு திரும்பிப் பத்தாண்டோ இருபதாண்டோ கட்டிலில் கிடந்து இறந்தவர்களுக்கு எந்த நாள்? அவர்களோடு அந்தக் கட்டிலின் அருகிலேயே இளமையைக் கழித்த பெண்களை எந்த ஏட்டில் எழுதுகிறோம்?

எங்கள் தெருவில் வாழும் ஒரு சகோதரியை எண்ணித்தான் இதை எழுதுகிறேன். அவருடைய கணவர் மத்திய ஆயுதக் காவல் படையொன்றில் 1988-இல் சேர்ந்தவர். சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களின் வானம் பார்த்த பூமியில் பிறந்த எத்தனையோ இளைஞர்களைப் போலவே, கண்மாயை நம்பி வாழ இயலாதென்று சீருடையை நாடியவர். 1998-இல் வடகிழக்கு மாநிலம் ஒன்றில் பணியின்போது படையினரின் வண்டி மலைச்சரிவில் கவிழ்ந்தது. முதுகுத்தண்டு நொறுங்கியது. இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. ஈராண்டுக்காலம் மருத்துவமனைகளில் கிடந்தபின், 2000-இல் பணிக்குத் தகுதியற்றவர் என்று மருத்துவக் குழு சான்றளிக்க, ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பினார். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு. அந்தச் சகோதரிக்கு இருபத்தெட்டு.

அவர் செய்த பணியை நான் அருகிலிருந்து கண்டவன். இரண்டு மணிக்கொரு முறை கணவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இல்லையேல் படுக்கைப்புண் வந்துவிடும். சிறுநீர்க் குழாயை மாற்ற வேண்டும், சற்றே அசுத்தம் சேர்ந்தாலும் காய்ச்சல் வரும், சிறுநீரகம் கெடும். இரவில் கடிகார மணியை வைத்துக்கொண்டு எழுந்திருப்பார். திருவிழா நாளில்கூடத் தேர் தெருமுனையைத் தாண்டுமுன் வீட்டுக்கு ஓடிவிடுவார். முதல் வெள்ளிதோறும் பங்குத்தந்தை நற்கருணையோடு வரும்போது, வெள்ளை விரிப்பும் மெழுகுதிரியுமாக அந்த அறை ஆலயம்போல் இருக்கும். இப்படி ஓராண்டல்ல, ஈராண்டல்ல, பதினெட்டு ஆண்டுகள். தண்டுவடம் அறுபட்டவர்கள் நெடுநாள் வாழ்வதில்லை என்று தொடக்கத்தில் மருத்துவர் சொன்னாராம். அந்தச் சொல்லை அவர் பொய்யாக்கினார்.

2018-இல் கணவர் இறந்தார். சிறுநீரகத் தொற்று முற்றிக் காய்ச்சலில் போனார். அடக்கத்திற்குப் பிறகு ஒரு நாள் அந்தச் சகோதரி ஒரு தகரப் பெட்டியை என் முன் கொண்டுவந்து வைத்தார். பதினெட்டு ஆண்டு மருத்துவச் சீட்டுகளும் ஆய்வக முடிவுகளும் நாள்வாரியாக அடுக்கி நூலால் கட்டப்பட்டிருந்தன. "அண்ணே, இதெல்லாம் வேணுமா, எரிச்சிரலாமா?" என்று கேட்டார். எரிக்க வேண்டாம் என்றேன். மத்திய அரசின் ஓய்வூதியம் வங்கி வழியே வருவதால் அது என் பணியின் எல்லைக்குள் வந்ததில்லை. ஆயினும் அண்டை வீட்டானாகவும் விதிகளைப் படித்தறிந்தவனாகவும் அவருக்காக அமர்ந்து எழுதினேன்.

இங்கே வாசகர்கள் ஒரு வேறுபாட்டை உணர வேண்டும். பணியின்போது ஏற்பட்ட காயத்தாலோ நோயாலோ ஊழியர் இறந்தால், பொதுவான முப்பது விழுக்காட்டுக்கு மாறாக மனைவிக்குச் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. மத்திய அரசின் கணக்கில் அது அடிப்படை ஊதியத்தில் அறுபது விழுக்காடு. அதாவது இரு மடங்கு. இதற்கென 1939-ஆம் ஆண்டிலேயே சிறப்பு ஓய்வூதிய விதிகள் வகுக்கப்பட்டன. பணிக் காயம் மரணத்திற்குக் காரணமாக இருந்தால் மட்டுமன்று, மரணத்தை விரைவுபடுத்தியிருந்தாலும் போதும் என்பது அவ்விதிகளின் பரந்த மனம். தண்டுவடக் காயம், அதனால் சிறுநீர்ப்பைச் செயலிழப்பு, அதனால் தொற்று, அதனால் மரணம் என்னும் சங்கிலியை அந்தத் தகரப் பெட்டியின் சீட்டுகள் கண்ணி கண்ணியாகக் காட்டின. எந்த மருத்துவரும் அதை மறுக்கவில்லை.

ஆயினும் அதே விதிகளில் ஒரு வரம்பும் இருந்தது. காயம் பட்ட நாளிலிருந்து ஏழாண்டுகளுக்குப் பின் நேர்ந்த மரணத்திற்கு அந்தச் சிறப்பு ஓய்வூதியம் இல்லை. இவர் காயம் பட்டு இருபது ஆண்டுகளுக்குப் பின் இறந்தவர்.

இதன் பொருளைச் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். அந்தப் பெண் கடிகார மணிக்கு எழுந்திராமல் சோம்பியிருந்தால், குழாயை மாற்றாமல் அசட்டையாக இருந்திருந்தால், கணவர் நாலைந்து ஆண்டுகளில் இறந்திருப்பார். அவருக்கு இரு மடங்கு ஓய்வூதியம் கிடைத்திருக்கும். உயிரைக் கொடுத்துக் காத்ததால், காத்த ஒவ்வோர் ஆண்டும் அவர் உரிமையை ஏழாண்டு எல்லைக்கு அப்பால் தள்ளிக்கொண்டே போயிற்று. விதியை வகுத்தவர்கள் கொடியவர்கள் அல்லர். காயத்திற்கும் மரணத்திற்கும் இடையே காலம் நீள நீளக் காரணத்தை மெய்ப்பிப்பது அரிது என்று எண்ணியே எல்லை வகுத்திருப்பார்கள். 1939-இல் தண்டுவடம் முறிந்தவர் இருபது ஆண்டு வாழ்வார் என்று யார்தான் நினைத்திருப்பார்? மருத்துவம் வளர்ந்தது, அன்பும் தன் கடமையைச் செய்தது, விதிநூல் மட்டும் அங்கேயே நின்றுவிட்டது.

இதே அரசின் மற்றோர் ஏட்டில் வேறொரு வரி உண்டு. பணிக்காயத்தால் நூறு விழுக்காடு ஊனமுற்று, அன்றாடத் தேவைகளுக்கும் பிறரையே முழுமையாகச் சார்ந்திருப்பவருக்கு 'நிலையான உதவியாளர் படி' என்று ஒன்று வழங்கப்படுகிறது. 2017 ஜூலை முதல் அது மாதம் 6,750 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அப்படியானால், புரட்டிப் படுக்கவைப்பதும் குழாயை மாற்றுவதும் வேலைதான், அதற்கு ஒரு விலை உண்டு என்பதை அரசு அறியாமலில்லை. ஆனால் அந்தப் படி கணவரின் பெயரில் வருவது. அவர் கண்மூடிய நாளோடு நிற்பது. பணியாற்றியவளுக்கு ஓய்வுமில்லை, ஓய்வூதியமுமில்லை. பணி முடிந்தது என்னும் செய்தி மட்டுமே உண்டு.

பொதுவான குடும்ப ஓய்வூதியமேனும் உடனே வந்ததா என்றால், அதற்கும் ஒரு தடை. திருமுழுக்கு ஏட்டிலும் திருமண ஏட்டிலும் அவருக்குப் புனிதை ஒருவரின் பெயர். படையின் சேவைப் பதிவேட்டில் எழுதப்பட்டிருந்ததோ, கணவர் வீட்டில் அழைத்த செல்லப்பெயர். குடும்ப அட்டையில் மூன்றாவது ஒரு வடிவம். மூவரும் ஒருவரே என்று மெய்ப்பிப்பதற்குள் ஓர் அலுவலகத்திலிருந்து கோப்பு மூன்று முறை திரும்பிவந்தது. கடைசியில் காப்பாற்றியது, பங்கின் திருமண ஏட்டுப் படியும், ஓய்வு பெற்றபோது விண்ணப்பத்தில் ஒட்டியிருந்த இருவரின் கூட்டுப் புகைப்படமும்தான். அந்தப் படத்தில் அவர் சக்கர நாற்காலியில் இருக்கிறார். அவள் அருகில் நிற்கிறாள்.

ஓய்வூதியம் வந்தது. அதிலும் ஓர் ஏழாண்டு இருந்தது. ஓய்வு பெற்றபின் இறந்தவரின் மனைவிக்கு, முதல் ஏழாண்டுகள் வரையிலோ, கணவர் உயிரோடிருந்தால் 67 வயது எய்தியிருக்கும் நாள் வரையிலோ, இவற்றுள் எது முந்துகிறதோ அதுவரை, ஊதியத்தில் ஐம்பது விழுக்காடு என்னும் உயர்த்தப்பட்ட அளவு வழங்கப்படும். கணவர் பெற்ற ஓய்வூதியத்தை அது மிஞ்சலாகாது. பிறகு முப்பதாகக் குறையும். 2025-இல் அந்த இரண்டாவது ஏழாண்டு முடிந்தது. வங்கிப் புத்தகத்தில் தொகை இறங்கிய மாதம், பிழை ஏதோ நேர்ந்துவிட்டதென்று அஞ்சி அவர் என்னிடம் ஓடிவந்தார். பிழையன்று, விதிதான் என்று நான் விளக்கியபோது, அவர் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "அண்ணே, நான் அவுகளக் கொஞ்சம் அதிகமாத்தான் வச்சுக்கிட்டேன் போல" என்றார். அதில் குறையுமில்லை, கசப்புமில்லை. அந்தச் சொல்லுக்கு மறுமொழி எந்த விதிநூலிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

சட்டம் கல்லால் ஆனதன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். 1982 டிசம்பர் 17-ஆம் நாள், நகாரா வழக்கில், ஓய்வூதியம் என்பது அரசின் தயவால் வரும் கொடையன்று, உழைத்துத் தேடிய உரிமை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்றும் ஓய்வூதியர்கள் அந்நாளைத் தங்கள் நாளாகக் கொண்டாடுகிறார்கள். 1964-க்கு முன் ஓய்வு பெற்றவர்களின் கைம்பெண்கள் திட்டத்திற்கு வெளியே நின்றிருந்தார்கள்; அவர்களுக்கும் 1985-இல் வழி பிறந்தது. 1989-இல் பகவந்தி வழக்கில், ஓய்வு பெற்றபின் மணந்துகொண்ட மனைவிக்கும் குடும்ப ஓய்வூதியம் உண்டு என்று அதே நீதிமன்றம் கூறிற்று. இருபத்தைந்து வயதில் காலிழந்து ஓய்வு பெறும் ஒரு காவலருக்கு இது எத்துணைப் பெரிய செய்தி! அவனை மணக்க முன்வருபவள், பணிக்காலத்தில் அவனோடு இருந்தவள் அல்லள். துன்பத்தின் காலத்தில் மட்டுமே அவனோடு இருக்கப்போகிறவள். அவளை மனைவியென்று ஏற்க மறுத்த விதியை நீதிமன்றம் நீக்கியது.

மற்றொரு தீர்ப்பும் உண்டு. பணியின்போது காயமுற்று இடக்கால் துண்டிக்கப்பட்ட குணால் சிங் என்னும் காவலர், தம்மைப் பணியிலிருந்து நீக்கியதை எதிர்த்து வழக்காடினார். பணிக்காலத்தில் ஊனமுற்றவரை வெளியே அனுப்பக்கூடாது, அதே ஊதியத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும், பணியிடம் இல்லையேல் மிகை இடம் ஒன்றை உருவாக்கியேனும் வைத்துக்கொள்ள வேண்டும் என்னும் 1995-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் அவருக்கும் பொருந்தும் என்று 2003-இல் உச்ச நீதிமன்றம் அறிவித்தது. இயலாமை ஓய்வூதியம் பெற்றுவிட்டார் என்பது அதற்குத் தடையன்று என்றும் கூறியது. எங்கள் தெருச் சகோதரியின் கணவர் அனுப்பப்பட்டபோது அச்சட்டம் நடைமுறைக்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதை அந்தக் குடும்பத்திற்கு எடுத்துச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

உலகின் மறுகோடியிலும் இதே வினா எழுந்திருக்கிறது. 2001 செப்டம்பர் 11-ஆம் நாள் நியூயார்க் நகரின் இரட்டைக் கோபுரங்கள் வீழ்ந்தபோது 343 தீயணைப்புத் துறையினர் மாண்டனர். அன்று தப்பியவர்கள் இடிபாட்டின் நச்சுப் புழுதியைச் சுவாசித்து, பிறகு ஒவ்வொருவராக நோயுற்று இறந்தனர். 2023 செப்டம்பரில் அப்படி இறந்தவர்களின் எண்ணிக்கையும் 343-ஐ எட்டியது. அதன்பின் மிஞ்சியும் சென்றது. இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் வந்த மரணமும் அந்த நாளின் மரணமே என்பதை அந்நாட்டார் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். நெருப்பு அணைந்த நாளோடு அதன் கணக்கு முடிவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம் மாநிலத்தில் 2003 ஏப்ரல் முதல் நாளுக்குப் பின் பணியேற்ற காவலர்களும் தீயணைப்பு வீரர்களும் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தின்கீழ் வைக்கப்பட்டார்கள். குடும்ப ஓய்வூதியம் என்னும் உறுதி அத்திட்டத்தில் இல்லாதது அவர்களுடைய மனைவியரின் பெரும் அச்சமாக இருந்தது. 2026 ஜனவரியில் தமிழக அரசு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டம் ஒன்றை அறிவித்தபோது, ஓய்வூதியர் மறைந்தபின் அவர் பெற்றதில் 60 விழுக்காடு குடும்பத்திற்கு என்று சொல்லப்பட்டது. இளைய வயதில் சீருடை அணிந்து நிற்கும் நம் பிள்ளைகள், தங்கள் மீது எந்தத் திட்டம் பொருந்துகிறது என்பதை இன்றே கேட்டறிவது நல்லது.

நாம் செய்யக்கூடியது என்ன? பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் சிறிதாகப் பல உண்டு. நம் அன்பியக் கூட்டங்களில் ஒரு மாலையை இதற்கு ஒதுக்கலாம். திருமுழுக்கு ஏட்டிலுள்ள பெயரும், பள்ளிச் சான்றிலுள்ள பெயரும், கணவரின் சேவைப் பதிவேட்டிலுள்ள பெயரும் ஒன்றாக இருக்கின்றனவா என்று கணவர் உயிரோடிருக்கும்போதே பார்த்துத் திருத்திக்கொள்ளச் சொல்லலாம். நம்மிடையே தெரேசம்மாளும் தெரசாவும், சவேரியம்மாளும் செல்வியும் ஒரே ஆளாக இருப்பது நமக்குத் தெரியும், கோப்புக்குத் தெரியாது. ஓய்வூதியக் கொடுப்பாணையில் மனைவியின் பெயர் இருக்கிறதா, ஓய்வுக்குப் பின் திருமணம் நடந்திருந்தால் அது சேர்க்கப்பட்டதா என்று பார்க்கலாம். மருத்துவச் சீட்டுகளைத் தூக்கி எறியாமல் நாள்வாரியாக வைக்கப் பழக்கலாம். இறப்புக்குக் காரணம் எழுதும் மருத்துவரிடம், பழைய பணிக்காயத்தை எடுத்துச் சொல்லி, உண்மை முழுமையாகப் பதியப்படுமாறு வேண்டலாம். மாநில ஓய்வூதியர் மறைந்தால் குடும்பப் பாதுகாப்பு நிதியிலிருந்து மனைவிக்கு 50,000 ரூபாய் உண்டென்பதைப் பலர் அறியாமலே இருக்கிறார்கள்; அதையும் சொல்லலாம்.

இவையெல்லாம் ஆன்மிகம் ஆகுமா என்று சிலர் கேட்கக்கூடும். திருத்தூதர் பணிகள் நூலின் ஆறாம் அதிகாரத்தைத் திருப்பிப் பாருங்கள். அன்றாடப் பங்கீட்டில் சில கைம்பெண்கள் விடுபட்டுப் போகிறார்கள் என்று முறையீடு எழுந்தபோது, தொடக்கத் திருச்சபை அதை அற்பச் செய்தியென்று தள்ளிவிடவில்லை; நற்சான்று பெற்ற ஏழு பேரை அதற்கென்றே நியமித்தது. பட்டியலில் யார் விடுபட்டார்கள் என்று பார்ப்பது அன்றே ஒரு திருப்பணியாக இருந்தது.

விதிகளை மாற்ற வேண்டியவர்கள் மாற்றட்டும். அதற்காகக் குரல் கொடுப்பதும் நம் கடமையே. காயம்பட்டவரை நெடுநாள் வாழவைத்த மனைவிக்கு, வாழவைத்த ஆண்டுகளே தடையாக நிற்கலாகாது என்று நம் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு எழுதுவோம். அதுவரையிலும் நம் தெருவில், நம் பங்கில், கதவுக்குப் பின்னே ஒரு கட்டிலருகே கடிகார மணிக்கு எழுந்துகொண்டிருக்கும் பெண்கள் யார் யார் என்றாவது அறிந்துவைப்போம். அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்து வீடு திரும்பும் வழியில், அவர்களில் ஒருவரின் வாசலில் நின்று, "காகிதமெல்லாம் சரியா இருக்காம்மா?" என்று கேட்போம்.